கவலைக்கு நடுவே ஒரு நன்றி!

'கவலைப்படாதே!'

இந்த வார்த்தையை உங்களிடம் சொல்லாதவர் யாராவது உண்டா? அம்மா சொல்லியிருப்பார். கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லியிருப்பார். டாக்டர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொல்லியிருப்பார். சொன்னவர்கள் எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கவலை மட்டும் நம்மை விட்டுப் போகாது!

மகனின் பிளஸ் டூ மார்க், மகளுக்கு அமையாத வரன், மாமியாரின் மூட்டு வலி, மாதம் பிறந்தால் கட்டவேண்டிய வீட்டுக் கடன்... இவை போதாதென்று, டிசம்பர் வந்தால் மழை பயம் வேறு! 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் அடையாறு கரை புரண்டதைப் பார்த்தவர்களுக்கு, இரவில் மழைச் சத்தம் கேட்டாலே இன்னமும் தூக்கம் கலைந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் வந்து, ''கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்... கவலை தீரும்!'' என்றால் நமக்கு எப்படி இருக்கும்? கொஞ்சம் கோபம்கூட வரும், இல்லையா? 'கேட்டது கிடைத்தால் நன்றி சொல்லலாம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எதற்கு நன்றி? மனதில் இல்லாததை வாயால் சொன்னால் அது நடிப்பு அல்லவா?' என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு தரும் பதில் மிக ஆழமானது. பிரதோஷத்தன்று கபாலீஸ்வரர் சந்நிதியில் நிற்கும் பெண்மணிகளில் எத்தனையோ பேர், பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்கும் சென்று மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அங்கே தாய்மார்கள் விடும் கண்ணீரில் மத வித்தியாசம் ஏது? எனவே, அந்தப் பதிலை நாமும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமே!

நன்றியால் எழுந்த ஆலயங்கள்

மயிலாப்பூர்க்காரர்களுக்கு லஸ் கார்னர் தெரியாமல் இருக்குமா? காய்கறிக்கும் பூவுக்கும் நாம் தினமும் கடந்து போகிற இடம். 'லஸ்' என்பது போர்த்துக்கீசிய மொழிச் சொல். 'ஒளி' என்று பொருள். அங்கே இருக்கும் பிரகாச மாதா ஆலயத்தால் வந்த பெயர் அது. ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால், 'காட்டுக் கோயில்' என்று நம் மக்கள் அழைத்தார்கள். ஆலயத்தின் கல்வெட்டு, 1516-ம் ஆண்டைக் குறிப்பிடுகிறது. ஆங்கிலேயர்கள் இங்கே கோட்டை கட்ட இடம் வாங்கிய 1639-ம் ஆண்டுக்கும் நூறு வருடங்களுக்கு மேல் முந்தைய கணக்கு இது!

இந்த ஆலயம் எழுந்தது பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. நடுக்கடலில் புயலில் சிக்கி, திசை தெரியாமல் தவித்தார்கள் போர்த்துக்கீசிய மாலுமிகள். அன்னையை வேண்டினார்கள். கரையில் ஓர் ஒளி தெரிந்தது. அதைப் பின்பற்றி வந்து கரை சேர்ந்தார்கள். ஒளி எங்கே மறைந்ததோ, அங்கே நன்றிக் காணிக்கையாக ஆலயம் எழுப்பினார்கள் என்பது ஐதிகம்.

நாகப்பட்டினத்துக்கு அருகில் இருக்கும் வேளாங்கண்ணிக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. 17-ம் நூற்றாண்டில் புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று கரை சேர்ந்த நாள், மாதாவின் பிறந்த நாளான செப்டம்பர் 8 என்றும், அந்த நன்றிக்காக அங்கே ஆலயம் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் நிறைவு பெறும் திருவிழா, அங்கே மட்டுமல்ல, நம் பெசன்ட் நகரிலும் விமரிசையாக நடக்கிறது. காவி உடுத்திக் கால்நடையாக வரும் பக்தர்களை அடையாறு பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கேட்க இனிமையான கதைகள்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள்... இவை எல்லாமே கரை சேர்ந்தவர்கள் சொன்ன நன்றி. கரை சேராத கப்பல்கள் எத்தனையோ! அவற்றில் இருந்தவர்களும் வேண்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

2004 டிசம்பர் 26 அன்று காலை, கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த பக்தர்களைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. அந்த ஊரில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். பேராலயத்துக்குள் கடல்நீர் புகவில்லை என்று பலரும் மெய்சிலிர்த்துச் சொன்னார்கள். ஆலயத்துக்குள் இருந்தவர்கள் நன்றி சொன்னார்கள்; சரி. கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்? அவளுடைய பக்தி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? சொன்னால் அது பாவம் அல்லவா?

ஆக, 'கேட்டேன்... கிடைத்தது... நன்றி' என்கிற கணக்கு எல்லோருக்கும் உதவாது. எல்லோருக்கும் உதவக்கூடிய நன்றி வேறு ஏதாவது இருக்கிறதா?

சிறையிலிருந்து வந்த கடிதம்

இருக்கிறது என்கிறார் பவுல் அடிகளார். இயேசுவின் திருத்தொண்டர்களில் ஒருவரான இவர், முதல் நூற்றாண்டில், பிலிப்பி என்ற ஊரில் இருந்த அன்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பைபிளில் நான்கே அத்தியாயங்கள் கொண்ட சிறிய கடிதம். கிறிஸ்தவ அன்பர்கள் கவலை வரும்போதெல்லாம் தேடிப் படிப்பது இதன் கடைசி அத்தியாயத்தைத்தான்.

எதைப் பற்றியும் கவலையில் ஆழ்ந்துவிட வேண்டாம் என்றும், தேவைகளைக் கடவுளிடம் நன்றியோடு சேர்த்துச் சொல்லும்படியும் அதில் எழுதுகிறார். இதை அவர் எழுதியது எங்கிருந்து தெரியுமா? சிறையிலிருந்து! விடுதலையா, மரணமா என்று தெரியாத நிலையில், காவலர்களுக்கு நடுவே இருந்துகொண்டு எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று... கேட்பதையும் நன்றி சொல்வதையும் அவர் ஒரே மூச்சில் வைக்கிறார். முதலில் விண்ணப்பம், காரியம் முடிந்ததும் நன்றி என்று பிரிக்கவில்லை. இரண்டாவது, இன்னும் முக்கியமானது. இப்படி வேண்டினால் கேட்டது கிடைத்துவிடும் என்று அந்த இடத்தில் அவர் வாக்குக் கொடுக்கவே இல்லை. கடவுளின் அமைதி உங்கள் உள்ளத்துக்குக் காவலாக இருக்கும் என்றுதான் சொல்கிறார். மூல மொழியான கிரேக்கத்தில், படைவீரர்கள் கோட்டையைக் காவல் காப்பதைக் குறிக்கும் சொல் அது. தன்னைச் சுற்றி நின்ற காவலர்களைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லை எழுதினாரோ, என்னவோ!

நன்றிக்குக் கிடைக்கும் பலன் காரிய சித்தி இல்லை. காரியம் எப்படி முடிந்தாலும் மனம் நொறுங்கிவிடாமல் காக்கிற ஒரு காவல். இதைப் புரிந்துகொண்டால், நம்முடைய பிரார்த்தனையின் பாங்கே மாறிவிடும்!

நன்றி என்றால் என்ன?

'நன்றி' என்பதை இன்று நாம் 'தாங்க்ஸ்' என்கிற பொருளில் சொல்கிறோம். பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு 'நன்மை' என்றே பொருள். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குத் திருவள்ளுவர் வைத்த பெயர், 'செய்ந்நன்றி அறிதல்'. அதாவது, ஒருவர் செய்த நன்மையை அறிவது. வாயால் சொல்வது அப்புறம்தான். முதலில் அறிய வேண்டும். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

கவலை என்ன செய்கிறது? இன்னும் வராத ஒன்றை மனக்கண்ணால் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது. ஏற்கெனவே வந்திருக்கும் நன்மை நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ரிசல்ட் வரப்போகும் நாளை நினைத்து நடுங்கும் தாய்க்கு, இன்று சாயங்காலம் மகன் தன் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டது நினைவில் இருப்பதில்லை. இருப்பதை 'இருக்கிறது' என்று அறிவதில் நடிப்பு எங்கே வந்தது? வலிக்கும்போது வலிக்கவில்லை என்று சொன்னால்தான் நடிப்பு. வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, நெற்றியில் தைலம் தடவும் கையையும் கவனிப்பது, உண்மையை முழுதாகப் பார்ப்பது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'எதிர்வீட்டுக்காரிக்கு அதுவும் இல்லை... நமக்கு இதாவது இருக்கிறதே!' என்று ஆறுதல் தேடுகிறோமே, அது நன்றியில் சேருமா? இயேசு ஒரு கதை சொன்னார். ஆலயத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சமயக் கட்டளைகளை வழுவாமல் கடைப்பிடிக்கும் பரிசேயர். 'மற்றவர்களைப் போல நான் இல்லை' என்று கடவுளுக்கு அவர் நன்றி சொன்னார். இன்னொருவர் ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவர். ஏறெடுத்தும் பார்க்காமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்டார். கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர் இரண்டாமவரே என்று முடித்தார் இயேசு. பிறருடைய குறையை அளவுகோலாக வைத்துச் சொல்லும் நன்றி, நன்றியே ஆகாது!

மார்த்தாவின் சமையலறை

நமக்கெல்லாம் மிக நெருக்கமான ஒருத்தி பைபிளில் இருக்கிறாள். பெயர் மார்த்தா. எருசலேமுக்குப் பக்கத்தில், பெத்தானியா என்ற ஊரில் தங்கை மரியாவோடும் சகோதரர் லாசரோடும் வாழ்ந்தவள். இயேசு அவர்கள் வீட்டுக்கு வந்தார். மார்த்தா அடுக்களையில் பரபரத்துக்கொண்டிருக்க, மரியாவோ அவர் காலடியில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியவில்லை மார்த்தாவுக்கு. 'வேலை முழுக்க என் தலையில்! அவளை எழுந்து வந்து உதவச் சொல்லக்கூடாதா?' என்று விருந்தாளியிடமே முறையிட்டாள். பலவற்றை நினைத்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாயே என்று இயேசு அவளிடம் கனிவோடு எடுத்துச் சொன்னார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் மார்த்தாவின் கட்சி! 'எல்லோரும் காலடியில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு எப்படி வரும்?' என்று கேட்போம். அவசரப்படாதீர்கள். இயேசு அவளுடைய வேலையைக் குறை சொல்லவில்லை. வேலைக்குள் புகுந்துகொண்ட கவலையைத்தான் பெயர் சொல்லிக் காட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. பிறகு ஒரு நாள் லாசர் இறந்துபோனார். 'நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டானே!' என்று இயேசுவிடம் நேருக்கு நேர் கேட்டவள் மார்த்தாதான். அதற்காக அவர் கோபிக்கவில்லை. அவரே கண்ணீர் விட்டு அழுதார். பிறகு கல்லறையின் முன் நின்று, லாசர் உயிரோடு எழுந்து வருவதற்கு முன்பாகவே, தந்தையாகிய கடவுளுக்கு நன்றி சொன்னார். முதலில் கண்ணீர், அடுத்து நன்றி, அதற்கப்புறம்தான் அற்புதம். கண்ணீருக்கும் நன்றிக்கும் பகை இல்லை என்பதை இந்த வரிசையே காட்டுகிறது!

அதன்பின் அவர் பெத்தானியாவுக்கு வந்தபோது மறுபடியும் ஒரு விருந்து. அப்போதும் பரிமாறியது மார்த்தாதான் என்று யோவான் எழுதிய நற்செய்தி குறிப்பிடுகிறது. வேலை அதே வேலை. இந்த முறை அவளிடமிருந்து முறையீடு எதுவும் பதிவாகவில்லை. கவலையை விடுவது என்பது கரண்டியைக் கீழே போடுவது ஆகாது, பார்த்தீர்களா?

கேட்டது கிடைக்காதபோது?

லாசர் எழுந்து வந்தார். எல்லா லாசர்களும் எழுந்து வருவதில்லையே! இயேசுவின் கதையே அப்படித்தான். தம் மரணத்துக்கு முந்தைய இரவு, சீடர்களோடு உணவு உண்ணும்போது அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். கிறிஸ்தவ ஆலயங்களில் 'நற்கருணை' என்று வழங்கும் வழிபாட்டுக்கு ஆதாரமான நிகழ்ச்சி இதுதான். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே 'நன்றி செலுத்துதல்'! அதே இரவில், கெத்சமனி தோட்டத்தில் மனம் கலங்கி, இந்தத் துன்பம் தம்மைவிட்டு நீங்கக் கூடாதா என்றும் வேண்டினார். நீங்கவில்லை. மறுநாள் சிலுவைதான். நன்றி சொன்ன நெஞ்சும் கலங்கிய நெஞ்சும் ஒன்றே. ஆகவே, கலங்குகிறோமே என்று நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

நம் மண்ணிலும் இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது. ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, தன் கண்கள் நீல நிறமாக வேண்டும் என்று இரவு பிரார்த்தித்துவிட்டு, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தாராம். பின்னாளில் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆபத்தில் இருந்த குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். சேலை உடுத்தி நம் பெண்களோடு பெண்ணாகச் சென்றபோது, அந்தப் பழுப்பு நிறக் கண்கள்தான் அவருக்குத் துணையாக இருந்தன. மறுக்கப்பட்ட பிரார்த்தனைக்குக் காரணம் புரிந்துவிட்டது!

ஆனால், 1931-ல் அவர் தவறி விழுந்தார். அதன்பிறகு 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருடங்கள், பெரும்பாலும் அறையோடும் படுக்கையோடும்தான் வாழ்க்கை. எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! பழைய நடமாட்டம் திரும்பவில்லை. இந்த முறை அழகான காரணம் எதுவும் வந்து விளக்கவில்லை. படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். 'அம்மா' என்று அழைத்த பிள்ளைகளுக்குத் தாயாகவே இருந்தார். தன் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் அங்கே, பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தார்கள்.

நோயாளிகளுக்காக அவர் 1933-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உடம்பு நன்றாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் பெரிதாக உதவுவதில்லை என்பது படுக்கையில் கிடந்த அவருடைய அனுபவம். நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் துன்பத்தில் நாம் நன்றி சொல்லலாம். அடுத்தவர் துன்பத்தில் போய், 'நீ நன்றி சொல்' என்று உபதேசிக்க நமக்கு உரிமை இல்லை. அங்கே ஒரு ஃப்ளாஸ்க் காபியோடு போய், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். அந்தக் காபியே ஒருநாள் அவர்களுடைய நன்றிக்குக் காரணமாகலாம்!

நீங்களும் செய்து பாருங்கள்...

முதலில், கவலையையும் கடமையையும் பிரித்துவிடுங்கள். மாமியாரை டாக்டரிடம் அழைத்துப்போவது கடமை. அதை நாளைக்கே செய்யுங்கள். டாக்டர் என்ன சொல்வாரோ என்று இரவெல்லாம் புரள்வது கவலை. நாளைய பாடு நாளைக்கு என்று இயேசு மலைப்பொழிவில் உபதேசித்ததும் இதைத்தான். அவர் கற்றுத்தந்த ஜெபத்தில்கூட, அன்றைய உணவைத்தான் கேட்கச் சொன்னார். வருடம் முழுவதற்குமான மளிகைப் பட்டியலைக் கொடுக்கச் சொல்லவில்லை!

அடுத்து, உங்களுடைய இஷ்ட தெய்வத்தின் முன் நிற்கும்போது, விண்ணப்பத்தோடு அன்றைய நன்மை ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாக 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று சொல்லாதீர்கள். 'காலையில் பக்கத்து வீட்டு அம்மா முருங்கைக்காய் கொடுத்தார்', 'பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் தந்தாள்' என்று குறிப்பாகச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொன்னால்தான் 'அறிதல்' நடக்கிறது. 2003-ல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையொட்டியே பேசுகிறது. அன்றாடத் தொல்லைகளைக் குறித்துவைத்தவர்களைவிட, நன்றிக்குரியவற்றைக் குறித்துவைத்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்களாம்.

கடவுளிடம் சொன்ன நன்றியை மனிதர்களிடமும் சொல்லிவிடுங்கள். குப்பை எடுக்க வரும் பெண்ணிடமும், மாத்திரையை ஞாபகப்படுத்தும் மகளிடமும் சொல்லாத நன்றி, சாமிக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேரும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், தயங்காமல் டாக்டரைப் பாருங்கள். அது பக்திக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவரும் நாம் நன்றி சொல்லவேண்டிய நன்மைகளில் ஒருவரே!

இவ்வளவும் செய்தால் கவலை அடியோடு ஓடிவிடுமா? ஓடாது. நாளைக்கும் வரும். அது வரும்போது வாசலில் ஒரு காவல் நிற்கும் என்பதுதான் பவுல் அடிகளார் சிறையில் இருந்து எழுதி அனுப்பிய செய்தி. இன்று இரவு விளக்கை அணைப்பதற்கு முன், இந்த நாளில் உங்களுக்குக் கிடைத்த ஒரே ஒரு நன்மையை நினைத்துப் பாருங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அதைச் சொல்லிவிட்டு, மகனின் மார்க்கையும் மகளின் வரனையும் வழக்கம்போல வேண்டிக்கொள்ளுங்கள்.

பிறகு, நிம்மதியாகத் தூங்குங்கள் சகோதரிகளே!